தமிழ் வருமா என்று கேட்காதீர்கள்

செப்டம்பர் மாத மூன்கேக் விழா தொடங்கித் தீபாவளி வரை நேயர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: “மலாக்காவுக்கு வர்றோம், எங்கே போகலாம்?” இத்தனை நாளும் ஜோங்கர் வாக், செண்டோல் என்று சொல்லி முடித்துவிடுவேன்.

இனி இன்னும் கொஞ்சம் நடக்கச் சொல்வேன். பக்கத்திலேயே ஜாலான் துக்காங் எமாஸ். அங்கே 1781-இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் கோயில், அருகிலேயே கம்போங் கிளிங் பள்ளிவாசல். அந்தக் கோயிலைக் கட்டிய சிட்டி மக்களைப் பார்க்க காஜா பெராங் போங்கள். மலாக்கா சுல்தான்கள் காலத்தில் வணிகத்துக்கு வந்த தமிழரின் வழித்தோன்றல்கள். வீட்டுமொழி மலாய், கும்பிடுவது நம் சாமி.

அங்கே ஒரு பாட்டியிடம், “தமிழ் வராதா?” என்று கேட்டுவிட்டேன். சிரித்தபடி மலாயில் திருப்பிக் கேட்டார்: “தீபாவளிக்கு வீட்டில் என்ன பலகாரம் சுட்டீர்கள்?”

“கடையில் ஆர்டர் கொடுத்தாச்சு.”

தான் சுட்ட முறுக்கைத் தட்டில் வைத்தார். ஜாசின் தோட்டத்தில் அம்மா சுடும் வாசம். தமிழ் பேசியே சம்பளம் வாங்கும் எனக்கு அப்போது பேச்சே வரவில்லை.

பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். தமிழ் வருமா என்று மட்டும் கேட்காதீர்கள். என்ன பலகாரம் என்று கேளுங்கள்.