பஸ் ஓடும் சாலை எது?

போன வாரம் வீட்டுக்காரம்மாவின் முழங்கால் வலிக்கு மருத்துவரைப் பார்க்க மினிபஸ்ஸில் போனோம். மருத்துவமனைக்கு அரை கிலோமீட்டர் முன்னாலேயே இறக்கிவிட்டார்கள். "இதுக்கு மேல பர்மிட் இல்ல சார், போனா கேஸ் போட்டுடுவாங்க" என்றார் நடத்துநர். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. கோபமெல்லாம் ஒரு வரையறையின் மேல்தான்.

1997இல் மினிபஸ் திட்டம் வந்தபோது சாலைகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஏற்கெனவே பஸ் ஓடும் சாலை, ஓடாத சாலை. மொத்தத் தடம் 20 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. அதில் பெரும்பகுதி பஸ் ஓடாத சாலையாக இருக்க வேண்டும். அரசுப் பேருந்தின் வசூலில் தனியார் கை வைக்கக் கூடாது என்பது நோக்கம். நியாயம்தான். தனியார் பஸ்கள் ஒன்றையொன்று முந்தி வசூலுக்காகப் பறந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான்.

ஆனால் 'ஓடும்' என்றால் என்ன அர்த்தம்? காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று வந்தாலும் காகிதத்தில் அது பஸ் ஓடும் சாலைதான். நடுவில் ஆறு மணி நேரம் நிற்பவர்கள் கணக்கில் வருவதில்லை. இன்னொன்றையும் யோசியுங்கள். ஆஸ்பத்திரி, தாலுகா ஆபீஸ், சந்தை, பேருந்து நிலையம் எல்லாம் எங்கே இருக்கின்றன? பஸ் ஓடும் பெரிய சாலையில்தானே! அந்தச் சாலையை அளந்து அளந்து கொடுத்தால், நாம் போக வேண்டிய இடத்துக்குச் சற்று முன்னால்தான் வண்டி நிற்கும்.

2025 ஜூனில் புதிய திட்டம் வந்தது. தூரத்தை 25 கிலோமீட்டர் ஆக்கினார்கள், வரவேற்கிறேன். ஆனால் ஓடும், ஓடாத என்ற பிரிவினை மட்டும் போகவில்லை.

ஷேர் ஆட்டோ கதையும் இதே மாதிரிதான். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் ஆளுக்கு ஆள் கட்டணம் வாங்கி ஏற்றி இறக்கிப் போகும் பஸ் 'ஸ்டேஜ் கேரேஜ்'. மொத்தமாக வாடகைக்குப் பேசிப் போவது 'கான்ட்ராக்ட் கேரேஜ்'. இது பேசியவர்களைத் தவிர வேறு ஆளை வழியில் ஏற்றக் கூடாது. ஆட்டோ இந்த இரண்டாவது வகையில் வருகிறது. ஷேர் ஆட்டோ பிழைப்பதே வழியில் ஆள் ஏற்றித்தான். ஆகவே அதற்கு நிறுத்தம் கிடையாது, கட்டணப் பலகை கிடையாது, நகரத்துத் தட வரைபடத்தில் இடமும் கிடையாது. தினமும் நம்மைச் சுமக்கிற வண்டி, திட்டம் போடுகிறவர் கண்ணுக்கு மட்டும் தெரிவதில்லை. போலீஸ்காரரைக் கண்டால் ஓட்டுநர் பாதி வழியில் இறக்கிவிடுகிறார், அவ்வளவுதான்.

"தளர்த்தினால் தனியார் ராஜ்ஜியம் வந்துவிடும்" என்று என் பழைய சகா ஒருவர் சண்டைக்கு வருகிறார். நான் தளர்த்தச் சொல்லவில்லை, அளவுகோலை மாற்றச் சொல்கிறேன். அரை மணிக்கு ஒரு பஸ்ஸாவது வருகிற சாலைதான் பஸ் ஓடும் சாலை என்று எழுதுங்கள். அரசுக் கழகம் அந்த அளவுக்கு ஓட்டினால் மினிபஸ்ஸைத் தள்ளி வைக்கட்டும், நானே கைதட்டுகிறேன். ஓட்டவில்லை என்றால் வழி விடட்டும். எந்த பஸ் எத்தனை மணிக்குப் போனது என்பது டிக்கெட் மெஷினிலேயே இருக்கிறதே!

அன்றைக்கு அந்த அரை கிலோமீட்டரைக் கடக்க எங்களுக்கு இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. வழியில் ஒரு பஸ்கூட எங்களைத் தாண்டிப் போகவில்லை.