கால்வாய்க்குப் பிரபு பெயர்... படகை இழுத்தவர்களுக்கு?

முகப்பேரிலிருந்து பஸ் பிடித்து சென்ட்ரல் போய், பார்க் டவுனில் பறக்கும் ரயில் ஏறி மயிலாப்பூர் போகிறவரா நீங்கள்? அடுத்த முறை ஜன்னலோரம் இடம் கிடைத்தால் கீழே எட்டிப் பாருங்கள். கறுப்பாகத் தேங்கி நிற்கும் தண்ணீர் தெரியும். ரயிலைத் தாங்கும் தூண்கள் பல அதற்குள்ளேதான் நிற்கின்றன. அதுதான் பக்கிங்ஹாம் கால்வாய். நம்ம நொளம்பூரை ஒட்டி ஓடும் கூவமும் சென்ட்ரல், சேப்பாக்கம் பக்கம் போய் அதைத்தான் சந்திக்கிறது.

இன்றைக்கு நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிற இந்தத் தண்ணீரில்தான் ஒரு காலத்தில் சென்னைக்கு அடுப்பெரிக்க விறகு வந்தது. உப்பு, நெல், கருவாடு, சுண்ணாம்புக்கான சிப்பி எல்லாம் வந்தன. கொண்டுவந்து சேர்த்தவர்கள் யார்?

முதலில் தனியார் கால்வாய்

கதை 1801-ல் தொடங்குகிறது. கிழக்கிந்தியக் கம்பெனியில் இருந்த பேசில் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை கால்வாய் வெட்டும் வேலையில் இறங்கினார். 1806-ல் படகு ஓடியது. அன்று அதன் பெயர் காக்ரேன் கால்வாய். போகிற படகுகளிடம் சுங்கம் வசூலித்துப் போட்ட பணத்தை எடுப்பதுதான் திட்டம். நம்ம டோல்கேட் மாதிரிதான். 1837-ல் அரசே இதைக் கையில் எடுத்து நீட்டிக்கொண்டே போனது. கடைசியில் ஆந்திராவின் பெத்தகஞ்சாமிலிருந்து நம்ம மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர்!

குதிரை வேலையை மனிதர்கள் செய்தார்கள்

அதே காலத்தில் இங்கிலாந்தில் சரக்குப் போக்குவரத்துக்குக் கால்வாய்தான் நெடுஞ்சாலை. அங்கே கரையில் குதிரை நடக்கும். அது கயிற்றால் படகை இழுக்கும். இங்கே? காற்று கைகொடுத்தால் பாய் விரிப்பார்கள். ஆழமில்லாத இடத்தில் நீளக் கழியை ஊன்றித் தள்ளுவார்கள். மற்ற நேரத்தில் கரையில் இறங்கி, கயிற்றைத் தோளில் மாட்டி இழுப்பார்கள். சரக்கு ஏற்றிய படகை, வெயிலில், உப்புக் காற்றில், மைல் கணக்கில்.

படகுக்குப் பொறுப்பானவருக்குத் தண்டல் என்று பெயர். இன்று சென்னையில் தண்டல் என்றால் தினவட்டிக் கடன்தான் ஞாபகம் வரும். படகுத் தலைவனைக் குறிக்கும் அர்த்தம் பேச்சிலிருந்து கிட்டத்தட்ட காணாமலே போய்விட்டது.

இன்னொரு வேலை 'லாக்' என்கிற அடைப்புக் கதவுகளைப் பார்த்துக்கொள்வது. கால்வாய் கிட்டத்தட்ட கடல் மட்டத்தில் போவதால் அலை ஏற்றமும் இறக்கமும் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்கும். ஆறுகளைக் கடக்கும் இடத்தில் வெள்ளமும் வண்டலும் வேறு. அதனால் இரண்டு பக்கமும் கதவு போட்டு, படகை நடுவில் நிறுத்தி, தண்ணீர் மட்டம் சமமானதும் மறுபக்கக் கதவைத் திறந்து அனுப்புவார்கள். கதவுக்காரர் தூங்கிவிட்டால் படகுகள் வரிசையில் நிற்க வேண்டியதுதான்!

பசியில் வெட்டிய 8 கிலோமீட்டர்

மனதைப் பிசையும் பகுதி இனிமேல்தான். 1876-78 பஞ்சம். சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானவர்கள் செத்தார்கள். அப்போது நிவாரண வேலையாக, அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர் வெட்டப்பட்டது. இன்று பறக்கும் ரயில் போகிற பாதையில் ஒரு பகுதி அதுதான்.

அதற்குச் செலவான உழைப்பு சுமார் 60 லட்சம் ஆள்-நாட்கள் என்கிறது பதிவு. தினமும் 10,000 பேர் வேலை பார்த்தாலும் 600 நாள் ஆகும்! 1877-ல் நிவாரணக் கூலியைச் சிக்கனப்படுத்த வந்த ரிச்சர்ட் டெம்பிள், ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும், அதாவது சுமார் 450 கிராம், ஓர் அணாவும் போதும் என்றார். மண் வெட்டுகிற உடம்புக்கு இது போதாது என்று மாகாண சுகாதார ஆணையர் கார்னிஷ் போராடிய பிறகே, சில மாதம் கழித்து அளவு கூடியது.

வேலை முடிந்தபோது கால்வாய்க்கு அப்போதைய கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரை வைத்தார்கள்.

ஓட்டம் நின்றது

1960-61-லும் இதில் 2 லட்சம் டன்னுக்கு மேல் சரக்கு போயிருக்கிறது. பாரதிதாசன் நண்பர்களோடு மாமல்லபுரத்துக்குத் தோணியில் போய் கவிதை எழுதியதும் இந்தக் கால்வாயில்தான். பிறகு லாரிகள் வந்தன. 1965, 66 புயல்கள் கால்வாயைச் சிதைத்தன. கழிவுநீர் கலந்தது. 1990-களில் ரயில் தூண்கள் முளைத்தன. 2008-ல் தேசிய நீர்வழி 4-ல் சேர்த்தும், சென்னைக்குள் சரக்குப் படகு திரும்பவில்லை.

பிரபுவுக்குக் கால்வாய் இருக்கிறது. காக்ரேனுக்கு வடசென்னையில் காக்ரேன் பேசின் ரோடு இருக்கிறது. மண் சுமந்தவர், கயிறு இழுத்தவர், கதவு திறந்தவர் பெயரில் எதுவும் இல்லை. கரையைச் சீரமைக்க இன்றைக்கும் திட்டம் போடுகிறார்கள். கரையோரக் குடும்பங்கள் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்படுகின்றன. அழகுபடுத்தும்போது, 60 லட்சம் நாள் உழைப்பைச் சொல்லும் ஒரு பலகையாவது வைக்கக் கூடாதா?

உங்கள் வீட்டுத் தாத்தா, பாட்டி வடசென்னைப் பக்கமா? கால்வாயில் விறகுப் படகு வந்ததைப் பார்த்திருக்கிறார்களா என்று இன்றே கேளுங்கள். சொன்னால் போனில் ரெக்கார்ட் செய்து வையுங்கள். அந்த ஞாபகம் உள்ளவர்கள் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வருகிறார்கள்.