கற்பூரம் தேய்க்கத்தான், தின்ன அல்ல!

"இயற்கை மருந்துதானே, என்ன பண்ணும்?" என்று எங்கள் தெருவில் எல்லோரும் சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மரத்திலிருந்து வரும் கற்பூரமும் இயற்கைதான். தேங்காய் எண்ணெயில் கரைத்து முட்டியில் தேய்த்தால் தோல் நரம்பு மரத்து வலி குறையும். அது உண்மை, எங்க ஆயாவே சாட்சி. ஆனால் வயிற்றுக்குள் போனால் மூளையைத் தாக்கும். சின்னப் பிள்ளைக்குச் சில நிமிடத்திலேயே வலிப்பு வரலாம். அமெரிக்காவில் விளக்கெண்ணெய் என்று நினைத்துக் கற்பூர எண்ணெயைப் பிள்ளைகளுக்குக் குடிக்கக் கொடுத்திருக்கிறார்கள். அதனால் 1982-ல் அதை விற்கவே கூடாது என்று நிறுத்திவிட்டார்கள்.

நம்ம வீட்டில் அது சாமி மாடத்தில், கல்கண்டு மாதிரி வெள்ளையாக, தவழுற பிள்ளைக்கு எட்டுற உயரத்தில் இருக்கு! தோழிகளே, இன்றைக்கே டப்பாவை மேலே ஏத்தி வையுங்க. தம்பி, தங்கச்சி தின்னுட்டா வாந்தி எடுக்க வைக்காதீங்க, உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுங்க.

- 9-ம் வகுப்பு மாணவி