கடல் அகன்ற கொற்கையும் கல்விச் சுற்றுலாவும்

ஆண்டுதோறும் தை, மாசித் திங்கள்களில் பள்ளிகளிலிருந்து பேருந்துகள் புறப்படுகின்றன. ‘கல்விச் சுற்றுலா’ என்னும் துணிப்பதாகை அவற்றின் முகப்பில் கட்டப்பட்டிருக்கும். இரண்டு நாளில் ஒன்பது ஊர்களைக் காட்டிய அத்தகைய பயணம் ஒன்றில், சில ஆண்டுகளுக்கு முன்னர், நானும் துணைக்குச் சென்றிருந்தேன். திரும்பும் வழியில், "என்ன கண்டீர்கள்?" என மாணவர்களை வினவினேன். நீர்ச்சறுக்கு விளையாட்டையும் இரவு உண்ட பரோட்டாவையும் ஒருமித்துச் சொன்னார்கள். காலையில் கண்ட கோட்டையைக் கட்டியவர் யார் என்பதை ஒருவரும் சொல்லவில்லை. பிழை அவர்களுடையதன்று. கோட்டையின் முன் நாங்கள் அவர்களை நிறுத்தியது இருபது நிமிடம். சிந்திக்கத் தந்த கேள்வியோ ஒன்றுமில்லை.

சுற்றுலாவிற்கு முதலில் வேண்டியது ஊர்ப் பட்டியலன்று, ஒரு கேள்வி. அதுவும் ஒரு பாடத்தைக் கொண்டு மட்டும் விடை காண இயலாத கேள்வியாக இருத்தல் வேண்டும். இதற்குப் பொருநைக் கரையை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

சங்கச் சான்றோர் முத்துக்குப் புகழ்ந்த பாண்டியர் துறைமுகம் கொற்கை. கி.பி. முதல் நூற்றாண்டைச் சார்ந்த ‘பெரிப்ளூஸ்’ என்னும் கிரேக்க நூல் அதனைக் ‘கொல்கி’ எனக் குறித்து, அங்கு முத்துக் குளிக்கப்பட்டதையும் கூறுகிறது. இன்றைய கொற்கையோ கடலிலிருந்து ஏறத்தாழ ஆறேழு கிலோமீட்டர் உள்ளே அமைந்த சிற்றூர். "கடல் எங்கே போயிற்று?" இவ்வொரு கேள்வியுடன் மாணவர்களைப் பேருந்தில் ஏற்றினால், பாடங்கள் தாமே வந்து கூடும்.

ஸ்ரீவைகுண்டத்தில் பொருநையின் கடைசி அணைக்கட்டையும், புன்னைக்காயலில் அந்நதி மன்னார் வளைகுடாவில் கலப்பதையும் காண்பவன், நதி சுமந்து வந்த வண்டலே கடலைத் தள்ளி நிலத்தை வளர்த்தது என்பதை உணர்வான். அது புவியியல். கொற்கை 1,900 ஆண்டுகளுக்கு முன் கடலோரத்தில் இருந்தது என்றும், இன்று 6 கிலோமீட்டர் விலகியுள்ளது என்றும் கொண்டால், கடல் ஆண்டுக்கு ஏறக்குறைய 3 மீட்டர் பின்வாங்கியிருக்க வேண்டும். அது கணிதம். நதி ஆண்டுதோறும் ஒரே அளவில் மண்ணைக் கொணர்வதில்லையே, இச்சராசரியை எவ்வளவு நம்பலாம் என்று ஒரு மாணவி கேட்பாளாயின், அது அறிவியல்.

கொற்கை தூர்ந்தபின் வாணிகம் காயலுக்குப் பெயர்ந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ போற்றிய காயல் பழைய காயலே என்றார் கால்டுவெல். காயல்பட்டினமே என்பாரும் உளர். இரு கட்சியினரின் வாதங்களையும் மாணவர் கேட்டு எடைபோடட்டும். வரலாறு என்பது மனப்பாடமன்று என்பது அப்போது விளங்கும். கொற்கையின் புகழுக்குக் காரணமான முத்துச்சிப்பிப் பார்களின் கதையையும் அவர்கள் அறிய வேண்டும். தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றது. 1973இல் அங்கேயே மத்தியக் கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பிக்குள் முத்தை வளர்த்துக் காட்டினர். இவ்விரண்டிற்கும் இடையில் உயிரியல் ஆசிரியருக்கு ஒரு முழுநாள் பாடம் உண்டு.

பயணத்தின் இறுதியில் காயல்பட்டினம். அங்குள்ள பழம்பள்ளிவாசல்களின் கற்றூண்களில் தமிழ்நாட்டுச் சிற்பியரின் கைவண்ணத்தைக் காணலாம். அருணகிரியாரின் சந்த மரபில் நபிகள் நாயகத்தின் மீது திருப்புகழ் பாடிய காசிம் புலவர் அவ்வூரினர். தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத் தமிழ் தழைத்த ஊர்களுள் அதுவும் ஒன்று. தமிழும் இஸ்லாமும் இங்கு எவ்வாறு கலந்து வாழ்ந்தன என்பதை எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் ஒன்றாக நின்று காண்பது, மேடைப்பேச்சுகள் பலவற்றினும் பயனுடையதன்றோ?

இது பழம்பெருமை பேசுவதற்கான பயணமும் அன்று. 2023 டிசம்பர் 18ஆம் நாள் காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் அதே காயல்பட்டினத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. பொருநைக் கரை ஊர்கள் நீரில் மிதந்தன. கடல் எங்கே போயிற்று என்று இன்று கேட்கப் பழகிய மாணவன், வெள்ளம் எவ்வழியே போகும் என்று நாளை கேட்பான். அக்கேள்வியைக் கேட்பவர் ஊருக்கு வேண்டும்.

இத்திட்டத்திற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. பாட ஆசிரியர் ஐவர் ஒரு மாதம் முன்னரே ஒரு மேசையைச் சுற்றி அமர வேண்டும். இதுவே அரிதாக இருக்கிறது. ஒருவரேனும் முன்கூட்டிச் சென்று வழியையும் நிழலையும் குடிநீரையும் கழிப்பிடத்தையும் பார்த்து வரவேண்டும். பள்ளிவாசல் நிர்வாகத்தாரிடம் முன் அனுமதி பெற வேண்டும். நான்கு இடங்களுக்கு மேல் கூடாது. ஒவ்வொரு குழுவிற்கும் ஒரு வரைபடமும், அளக்க ஒரு நாடாவும், எழுத ஒரு குறிப்பேடும் தரவேண்டும். திரும்பிய வாரத்தில், கண்டவற்றைப் பெற்றோர் முன்னிலையில் மாணவரே எடுத்துரைக்க வேண்டும்.

இனி நம் சமுதாயப் பெரியோர்களிடம் பணிவுடன் ஒன்று கூற விழைகிறேன். சுற்றுலாப் பட்டியலில் முதலில் அடிக்கப்படும் பெயர்கள் இரண்டு: பணம் கட்ட இயலாத ஏழைப் பிள்ளையின் பெயர் ஒன்று, வீட்டார் அனுப்பத் தயங்கும் பெண்பிள்ளையின் பெயர் மற்றொன்று. முன்னதற்கு ஜமாஅத்தும் பழைய மாணவரும் மனம் வைத்தால் போதும். பின்னதற்கு வழி, தடை விதிப்பதன்று. அருகிலுள்ள பள்ளிகள் இப்பயணத்தை ஒரே நாளில் முடித்து மஃரிபுக்கு முன் வீடு திரும்பலாம். ஆசிரியைகள் உடன் வரட்டும். விரும்பும் தாய்மாரும் வரட்டும். அத்தாய்மாருள் பலருக்கும் அதுவே முதற் கல்விச் சுற்றுலாவாக இருக்கக்கூடும்.

பூமியில் பயணம் செய்து, முன்னோரின் முடிவையும் படைப்பின் தொடக்கத்தையும் கண்டு சிந்திக்குமாறு திருமறை பலவிடங்களில் பணிக்கிறது. அப்பணிப்பு ஆண்மக்களுக்கு மட்டும் உரியதென்று நாம் எவ்வாறு கொள்வது?

இம்மலரைப் படிக்கும் மாணவச் செல்வங்களுள் பலர் நாளை பள்ளி ஆசிரியராவீர்கள். உங்கள் ஊரருகிலும் ஓர் ஆறோ, ஏரியோ, பழந்துறையோ இருக்கும். பேருந்தை அமர்த்துமுன் அதைப் பற்றி ஒரு நல்ல கேள்வியைத் தேடுங்கள். பட்டியலில் எந்தப் பிள்ளையின் பெயரும் விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இறைவன் துணைபுரிவானாக.