ஆள் குறைப்பா? யார் சொன்னது?

"தலைமை அலுவலகத்தில் பட்டியல் தயாராகிவிட்டதாமே?"

இந்த ஒரு கேள்வி போதும். பெரிய நிதி நிறுவனத்தின் கிளையில் வேலை பார்க்கிற அத்தனை பேருக்கும் அன்று மத்தியானச் சோறு இறங்காது. பட்டியலை யார் பார்த்தார்கள்? ஒருவரும் பார்க்கவில்லை. "சென்னையில் இருக்கும் சிநேகிதர் சொன்னார்" என்பார் ஒருவர். சிநேகிதருக்கு யார் சொன்னது? அது சிநேகிதருக்கே தெரியாது. காலையில் பத்துப் பேருக்கு வேலை போகிறது என்று கிளம்பும் பேச்சு, மாலையில் நாகப்பட்டினம் வெளிப்பாளையத்துத் தேநீர்க் கடைக்கு வந்து சேரும்போது நூறு பேர் ஆகிவிடும். கறுப்பாக வாந்தி எடுத்தவனை, காக்கை காக்கையாக வாந்தி எடுத்தான் என்று ஊர் பேசிய கதைதான்!

"வேலையைப் பார்க்காமல் வம்பு பேசுகிறார்கள்" என்று மேலதிகாரிகள் சலித்துக்கொள்வது வழக்கம். அது நியாயம் அல்ல. வீட்டுக் கடனுக்கு மாதா மாதம் தவணை கட்டுகிறவர் இருக்கிறார். மகளைக் கல்லூரியில் சேர்க்கப் பணம் புரட்டுகிறவர் இருக்கிறார். அடுத்த மாதம் சம்பளம் வருமா என்று அவர்கள் கேட்பது வம்பா? அடுப்பு எரியுமா என்ற கவலை அது. பதில் சொல்ல வேண்டியவர்கள் வாயை மூடிக்கொண்டால், வதந்திதான் பதில் சொல்லும்.

நாகை கண்ட ஆள் குறைப்பு

நாகப்பட்டினத்துக்கு இந்தக் கவலை புதிது அல்ல. 1861-ல் நாகையிலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் ஓடத் தொடங்கியது. பிறகு ரயில்வே பட்டறையும் நாகையில் அமைந்தது. ஊரில் பல குடும்பங்களுக்கு அதுதான் சோறு போட்டது. 1920-களின் பிற்பகுதியில் தென்னிந்திய ரயில்வே கம்பெனி அந்தப் பட்டறையைத் திருச்சிக்குப் பக்கத்தில் உள்ள பொன்மலைக்கு மாற்றியது. கூடவே, 3,100-க்கும் மேற்பட்ட ஆட்களை வீட்டுக்கு அனுப்பத் திட்டம் போட்டது. தொழிலாளர்களுக்குத் திறமைப் பரீட்சை வேறு! வருஷக்கணக்காக இரும்போடு மல்லாடியவர்களுக்குப் பரீட்சை வைத்தால் எப்படி இருக்கும்? யார் தேறுவார், யார் சீட்டுக் கிழியும் என்ற பயம் பட்டறை முழுவதும் பரவாமல் இருக்குமா?

1928-ல் வேலை நிறுத்தம் வெடித்தது. ரயில் போக்குவரத்து நிலைகுலைந்தது. சிங்காரவேலரும் மற்றத் தலைவர்களும் சிறைக்குப் போனார்கள். வேலை நிறுத்தம் தோற்றது.

கம்பெனி முதலிலேயே ஆட்களை உட்காரவைத்துப் பேசியிருந்தால் ஒருவர் வேலையும் போயிருக்காது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் இவ்வளவு தூரம் முற்றியிருக்காது.

பத்து நாளில் கைமாறிய வங்கி

நம் காலத்துக்கு வருவோம். 1926-ல் கரூரில் பிறந்தது லட்சுமி விலாஸ் வங்கி. வாராக் கடன் ஏறி, அது தள்ளாடியது. 2020 நவம்பர் 17 அன்று மத்திய அரசு கட்டுப்பாடு விதித்தது. ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது! பணம் போட்டவர்கள் பதறினார்கள். அவர்களுக்குச் சமாதானம் சொல்ல வேண்டிய ஊழியர்களுக்கும் உள்ளூரப் பயம்தான்.

ஆனால் அன்றைக்கே ரிசர்வ் வங்கி இணைப்புத் திட்டத்தின் வரைவை வெளியிட்டது. ஊழியர்கள் அதே சம்பளத்தில், அதே நிபந்தனைகளில் தொடர்வார்கள் என்று அதில் எழுதியிருந்தது. நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. சுமார் 4,000 ஊழியர்களின் வேலைக்கு ஆபத்து இல்லை என்று அரசு பகிரங்கமாகச் சொன்னது. நவம்பர் 27 அன்று வங்கி, சிங்கப்பூர் டி.பி.எஸ். வங்கியின் இந்திய நிறுவனத்தோடு இணைந்தது. பங்கு வாங்கியவர்கள் போட்ட பணம் போயிற்று. ஊழியர்களுக்கோ கையில் காட்ட ஒரு காகிதம் இருந்தது.

காகிதம் வந்தால் எல்லாம் தீர்ந்துவிடுமா? தீராது. இணைப்பு நடந்த பிறகு, ஒரே தெருவில் இரண்டு கிளை எதற்கு என்ற கேள்வி வரும். தூரத்து ஊருக்கு மாற்றல் வரும். விருப்ப ஓய்வு என்று ஒரு தாளை நீட்டுவார்கள். 2017-ல் ஸ்டேட் வங்கியோடு அதன் ஐந்து துணை வங்கிகள் இணைந்த சமயத்திலும் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது. விருப்பம் யாருடையது என்பது வேறு விஷயம்!

சட்டம் என்ன சொல்கிறது?

ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை ஆள் குறைப்பு என்று அனுப்புவதானால், காரணத்தை எழுதி ஒரு மாதம் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். இல்லையென்றால் அந்த ஒரு மாதச் சம்பளத்தைத் தர வேண்டும். அதோடு, வேலை பார்த்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் நஷ்ட ஈடு. சாதாரணமாகக் கடைசியில் சேர்ந்தவர்தான் முதலில் போக வேண்டும். பழைய தொழில் தகராறு சட்டத்தில் இருந்த இந்த விதிகள், 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த புதிய தொழில் உறவுச் சட்டத்திலும் இருக்கின்றன.

நிர்வாகப் பதவியில் இருப்பவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. அதற்காகப் பயந்துவிட வேண்டாம். நிதி நிறுவனங்களில் வசூலுக்குப் போகிற பையனுக்குக்கூட 'மானேஜர்' என்று பட்டம் சூட்டுகிறார்கள். வழக்கு என்று வந்தால் நீதிமன்றம் பட்டத்தைப் பார்க்காது. அவர் செய்த வேலை என்ன என்றுதான் பார்க்கும்.

நிறுவனங்கள் செய்ய வேண்டியது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. எத்தனை பேர், எப்போது, எந்தக் கணக்கில் என்று தமிழில் எழுதி ஒவ்வொரு கிளையிலும் ஒட்டலாம். ஆள் குறைப்பே இல்லை என்றால், இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடலாம். அதைச் செய்யாமல் மாதக்கணக்கில் மௌனம் சாதித்தால் என்ன நடக்கும்? பயந்தவர்கள் தாங்களாகவே வேலையை விட்டுப் போவார்கள். நிறுவனத்துக்கு அது லாபம். ஏனென்றால், வதந்திக்குப் பயந்து ராஜினாமா எழுதிக் கொடுத்தவருக்கு அந்த 15 நாள் கணக்கு நஷ்ட ஈடு ஒரு காசும் கிடையாது.