கம்ப்யூட்டர் கணக்கை நம்பித் தடையை நீக்கலாமா?

ஒலியை விட வேகமாகப் பறக்கும் விமானம் ஓர் அதிர்வலையை இழுத்துக்கொண்டே செல்கிறது. அது நம்மைக் கடக்கும்போது கேட்கும் 'டமார்' சத்தம்தான் சோனிக் பூம். அது எங்கே, எவ்வளவு கேட்கும் என்று கணக்கிட நாஸா பயன்படுத்தும் சாப்ட்வேரின் பெயர் பி.சி.பூம். பெயரிலேயே பி.சி. இருக்கிறது பாருங்கள்!

அடிப்படைக் கணக்கை உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள கால்குலேட்டரிலேயே போடலாம். தரையருகே ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர். 11 கி.மீ. உயரத்தில் குளிர் அதிகம் என்பதால் 295 மீட்டர்தான். 340-ஐ 295-ஆல் வகுத்தால் 1.15. அந்த உயரத்து ஒலி வேகத்தைப் போல் 1.15 மடங்குக்குள் பறந்தால், இறங்கி வரும் அலை கீழேயுள்ள வெப்பமான காற்றில் வளைந்து, தரையைத் தொடாமலே மேலே திரும்பிவிடும். 2025 ஜனவரியில் அமெரிக்காவில் பூம் நிறுவனத்தின் எக்ஸ்.பி.-1 விமானம் ஒலி வேகத்தைத் தாண்டியபோது தரையில் சத்தம் கேட்கவில்லை என்று அந்த நிறுவனம் அறிவித்தது. அதே ஆண்டு ஜூனில், நிலப்பரப்பின் மேல் இப்படிப் பறக்க 1973-ல் விதித்த தடையை நீக்கும்படி அந்நாட்டு அதிபர் உத்தரவிட்டார்.

அவசரம் என்றே எனக்குத் தோன்றுகிறது. 1.15 என்பது காற்றே வீசாத பாடப்புத்தக வானத்துக்கான விடை. மேலே வினாடிக்கு 30 மீட்டர் காற்று பின்னாலிருந்து தள்ளினால், தரையைப் பொறுத்து விமானத்தின் வேகம் 370 மீட்டரை நெருங்கும். சத்தம் கீழே வந்துவிடும். புரோகிராமுக்குப் பழைய வானிலைத் தகவலைக் கொடுத்தால் விடையும் தப்பாகத்தான் வரும். தரையை ஒட்டிய கொந்தளிப்பான காற்று இன்னும் தொல்லை. ஒரே பூம் ஒரு தெருவில் மந்தமாகவும் சற்றுத் தள்ளிக் கூர்மையாகவும் கேட்கலாம். சராசரியைச் சொல்லும் சாப்ட்வேருக்கு உங்கள் வீட்டு ஜன்னல் தெரியாது.

மனிதர்களின் எரிச்சலும் அதற்குத் தெரியாது. 1964-ல் ஓக்லஹோமா நகரின் மேல் ஆறு மாதங்களில் 1,253 முறை சோனிக் பூம் எழுப்பிப் பார்த்தார்கள். இதனுடன் வாழவே முடியாது என்று முடிவில் சொன்னவர்கள் 27 சதவீதம்.

2025 அக்டோபர் 28-ல் முதன்முதலாகப் பறந்த நாஸாவின் எக்ஸ்-59 விமானத்தின் திட்டம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஊர்களின் மேல் பறந்து, மைக் வைத்து அளந்து, மக்களையும் கேட்பார்களாம். அதற்குப் பிறகு விதியை எழுதட்டும். விமான நிறுவனங்களும் ஒவ்வொரு பயணத்துக்கும் எந்த நேரத்து வானிலையை வைத்துக் கணக்கிட்டோம், தரையில் மைக் என்ன காட்டியது என்று இரண்டையும் இன்டர்நெட்டில் வெளியிட வேண்டும்.