தனிப் படகு சரி, ஆறும் தனியா?

ஆபீஸ்ல, சொந்தத்துல, பழைய காலேஜ் கூட்டாளிங்கன்னு இந்த வருஷம் மட்டும் நாலஞ்சு பேர் ஒரே கேள்வியக் கேட்டுட்டாங்க. "அப்பா அம்மாவ காசிக்குக் கூட்டிட்டுப் போறேன். தனியா ஒரு படகு, கூடவே ஒரு புரொபஷனல் போட்டோகிராபர்னு புக் பண்ணலாமாமே, பண்ணலாமா? இல்ல தண்டச் செலவா?" ஒவ்வொருத்தருக்கும் போன்ல சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. இந்த வாரம் ஆணி கொஞ்சம் கம்மி. அதான் பதிவாவே போட்டுடலாம்னு உக்காந்துட்டேன் :-)

என் பதில் சுருக்கமானதுதான். தாராளமா பண்ணுங்க. ஆனா நீங்க வாடகைக்கு எடுக்குறது படகை மட்டும்தான், ஆத்தை இல்ல. இத நீங்களும் மறக்கக் கூடாது, அந்த போட்டோகிராபரையும் மறக்க விடக் கூடாது.

மொதல்ல, ஏன் பண்ணலாம்னு சொல்லிடறேன்.

நம்ம வீட்டு ஆல்பத்த எடுத்துப் பாருங்க. எல்லாப் படத்துலயும் ஒருத்தர் இருக்க மாட்டார். யாரு கேமரா புடிச்சாரோ அவருதான். முன்னாடி அப்பா, இப்ப நாம. செல்ஃபி எடுத்தா நம்ம மூஞ்சி பூசணிக்கா சைஸ்ல வரும், பின்னாடி காசி கட்டைவிரல் சைஸ்ல இருக்கும். படகுல இன்னொரு கஷ்டமும் இருக்கு. தரையில நின்னா ரெண்டடி பின்னாடி போய் எல்லாரையும் ஃப்ரேமுக்குள்ள கொண்டு வரலாம். படகுல ரெண்டடி பின்னாடி போனா நேரா கங்கைதான். அந்த ஆட்டத்துல, அந்தக் குறுகின இடத்துல, எந்த லென்ஸப் போட்டு எங்க உக்காந்து எடுக்கணும்னு தெரிஞ்ச ஆளுக்குக் காசு குடுக்கறதுல தப்பே இல்ல. அம்மா கண்ணத் தொறந்திருக்கற மாதிரி நாலு படம் கெடச்சாலே போட்ட காசு வந்த மாதிரிதான்.

அதுலயும் காசி, படகுல இருந்து படம் எடுக்கறதுக்குன்னே அமைஞ்ச ஊரு. பொதுவா தென்கிழக்கு நோக்கி வர்ற கங்கை, இங்க வடக்கப் பாத்து வளைஞ்சு ஓடுது. ஊரும் 84 படித்துறையும் மேற்குக் கரையில. எதிர்க் கரையில வெறும் மணல்தான், கட்டடம் கெடையாது. அதனால காலையில சூரியன் கிளம்பினதும் மறைக்க எதுவுமில்லாம நேரா படித்துறை மேல வெளிச்சம் அடிக்கும். சாயங்காலம் சூரியன் ஊருக்குப் பின்னாடி எறங்கிடும், படிக்கட்டெல்லாம் நிழல்ல போயிடும். ஆரத்தி பாக்கணும்னா சாயங்காலம் படகுல போங்க, அந்த விளக்குங்க நல்லாத்தான் இருக்கும். ஆனா குடும்பப் படம் வேணும்னா காலையிலதான். ஜூன்ல அஞ்சு மணி தாண்டினதுமே விடிஞ்சிடும். ஜனவரியில 6:45 ஆயிடும், பனிமூட்டம் இருந்தா அதுவும் சந்தேகம்.

தனிப் படகுங்கறது நம்ம ஊர்க்காரங்களுக்குக் காசியில புதுசும் இல்ல. அஸ்ஸி, தசாஸ்வமேதம், வருணா வந்து சேர்ற ஆதிகேசவர் படித்துறை, பஞ்சகங்கா, மணிகர்ணிகான்னு அஞ்சு எடத்துல பிண்டம் வைக்க, தெற்கே இருந்து போறவங்க தலைமுறை தலைமுறையா படகு பேசிட்டுப் போயிருக்காங்க. உங்க தாத்தா பாட்டியக் கேட்டா சொல்லுவாங்க. அப்ப படகுல கூட வந்தது சாஸ்திரிகள், இப்ப போட்டோகிராபர். அவ்ளோதான் வித்தியாசம்னு தோணும். எனக்கு என்னவோ அவ்ளோதான்னு தோணல.

சரி, மேட்டருக்கு வரேன்.

படகுல உக்காந்து கரையப் பாக்குறப்ப நமக்கு அது ஒரு நீளமான காட்சி. ஆனா கரையில இருக்கறவங்களுக்கு அது என்ன? குளிக்கற எடம். துணி மாத்தற எடம். திதி குடுக்கற எடம். அப்பனுக்குக் கொள்ளி வச்சுட்டு, மொட்டைத் தலையோட படியில உக்காந்திருக்கற பையனுக்கு அது என்ன எடம்னு நான் சொல்ல வேண்டியதில்ல. அவங்க யாரும் நம்ம படத்துக்குப் பின்னணியா வர்றேன்னு ஒத்துக்கிட்டு வரல.

2024 பிப்ரவரியில நானும் அப்பா அம்மாவோட போனேன். மொத நாள் கேதார் கட்டத்துல குளியல். குமரகுருபரர் மடம் இருக்கற எடம், தமிழ்ப் பேச்சு சாதாரணமா காதுல விழும். அம்மா முங்கி எந்திரிச்சு ஈரப் புடவையோட படி ஏறுறாங்க. அப்ப ஒரு படகு ரொம்ப கிட்ட வந்துச்சு. ஒரு குடும்பம் சிரிச்சுக்கிட்டு உக்காந்திருக்கு, அவங்க கூட வந்த ஆளு ஒரு நீள லென்ஸக் கரைப் பக்கம் திருப்பி வச்சு படபடன்னு அடிச்சுட்டே போறான். அப்பா துண்ட விரிச்சு மறைச்சுட்டு நின்னார். படகு போயிடுச்சு. அந்தப் படம் இப்ப எந்த ஹார்ட் டிஸ்க்ல இருக்கு, எவனோட இன்ஸ்டாகிராம்ல 'காலை நேர காசி'ன்னு ஓடிட்டிருக்கு, யாருக்குத் தெரியும்?

மறுநாள் எங்க முறை. அஸ்ஸியில படகு ஏறினோம். நாங்க புக் பண்ணின போட்டோகிராபர் சின்னப் பையன், வேலை சுத்தம். அப்பாவ சிரிக்க வச்சான்னா பாத்துக்குங்க, அது ஆகாத காரியம். அரிச்சந்திர கட்டம் வந்துச்சு. ரெண்டு சிதை எரிஞ்சுட்டிருந்துச்சு. படகுக்காரர் ஒரு கையால நெத்தியத் தொட்டுக் கும்பிட்டுட்டு துடுப்பப் போட்டார். இந்தப் பையன் லென்ஸ மாத்தி, எங்கள அந்தப் பக்கமா நகந்து உக்காரச் சொல்றான். புகை பின்னாடி வந்தா படத்துக்கு ஒரு 'ஃபீல்' கெடைக்குமாம்.

அம்மாவுக்கு இந்தி தெரியாது. ஆனா லென்ஸ் எந்தப் பக்கம் திரும்புதுன்னு தெரியும். "அந்தத் தம்பிய அத கீழ வைக்கச் சொல்லுடா. நம்ம வீட்டு எழவுல எவனாவது வந்து படம் புடிச்சா நீ பாத்துட்டு நிப்பியா?"

சொன்னேன். அவன் கோச்சுக்கல, உடனே கீழ வச்சுட்டான். அதுக்கப்பறம் அவன் சொன்னதுதான் இந்தப் பதிவுக்கே காரணம். "கேக்கறவங்கதான் சார் ஜாஸ்தி. எடுக்கலன்னா ஏன் எடுக்கலன்னு கேக்கறாங்க."

ஆக, பிரச்சினை அவன் மட்டும் இல்ல. காசு குடுக்கற நாமதான். நம்ம துறையில எத்தன தடவ பாத்திருக்கோம், கிளையன்ட் வாயத் தொறந்து சொல்லாத வரைக்கும் டெவலப்பரா ஒண்ண ஊகிச்சுப் பண்ணி வைப்பான். ரிக்வயர்மெண்ட்ல எழுதுனாத்தான் வேலை நடக்கும். என்ன வேணும்னு எழுதுற மாதிரியே என்ன வேண்டாம்னும் எழுதணும்.

இதுக்கு ரெண்டு எதிர்வாதம் வரும்னு தெரியும்.

ஒண்ணு, "பொது எடம்தானே, யார் வேணா படம் எடுக்கலாம்". 2017 ஆகஸ்ட்ல புட்டசாமி வழக்குல 9 நீதிபதிகள் அமர்வு அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு தீர்ப்பு சொல்லுச்சு. பொது எடத்துல இருக்கார்ங்கற ஒரே காரணத்துக்காக ஒருத்தர் தன் அந்தரங்கத்த இழந்துட மாட்டார்னும் அந்தத் தீர்ப்புல இருக்கு. அது அரசாங்கத்துக்கு எதிரா நடந்த வழக்கு, படகுல வர்ற போட்டோகிராபரப் பத்தினது இல்லங்கறது எனக்கும் தெரியும். ஆனா அந்த நியாயம் இங்கயும் பொருந்தாதா? படித்துறையில குளிக்க வர்ற பொம்பளைக்கு வேற குளியலறை இல்ல, அந்த நேரத்துக்கு அந்தப் படிதான் குளியலறை. சட்டம் தடுக்குதா இல்லையாங்கறத வக்கீல் பாத்துக்கட்டும். நம்ம வீட்டு ஆளா இருந்தா விடுவோமாங்கறத நாம பாக்கலாமே.

ரெண்டாவது வாதம் கொஞ்சம் கனமானது. "சத்யஜித் ராய் 1956ல அபராஜிதோவுல காட்டலையா? ரகுபீர் சிங் 1987ல பனாரஸ் பத்தி ஒரு புத்தகமே போடலையா? எல்லாரும் கேமராவ மூடி வச்சிருந்தா காசியே நமக்குத் தெரிஞ்சிருக்காதே?" உண்மைதான். நான் கேமராவே கூடாதுன்னு சொல்லல. ராயும் ரகுபீர் சிங்கும் பாத்தது அந்த மனுசங்கள. அவங்களுக்கு அந்தக் கரையில இருக்கறவங்கதான் விஷயம். நம்ம குடும்பப் படத்துல விஷயம் நாம, அவங்க வெறும் வால்பேப்பர். ஒருத்தன் துக்கத்த வால்பேப்பராக்கறதுக்கு எந்தக் கலையும் சாக்கு ஆகாது.

மணிகர்ணிகாவுல "இவ்ளோ குடுங்க, படம் எடுத்துக்கலாம்"னு அனுமதி விக்க ஆளுங்க வருவாங்க. குடுக்காதீங்க. எரியறது அவர் வீட்டு ஆளு இல்ல, அனுமதி குடுக்க அவர் யாரு?

சரி, புத்திமதி போதும். புக் பண்றப்ப கவனிக்க வேண்டியது இதெல்லாம்:

1. படகுக்கும் போட்டோகிராபருக்கும் தனித்தனியா பேசுங்க. மொத்தமா ஒரே ஆள் கிட்ட குடுத்தா படகுக்காரருக்கு எவ்ளோ போகுதுன்னு உங்களுக்குத் தெரியாமயே போயிடும். எங்கேருந்து எதுவரைக்கும், எவ்ளோ நேரம், தலைக்கா படகுக்கான்னு ஏறுறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிடுங்க. கார்த்திகைப் பௌர்ணமி தேவ் தீபாவளி சமயத்துல வாடகை எங்கயோ போயிடும். மழைக்காலத்துல வெள்ளம் ஏறினா படகையே நிறுத்திடுவாங்க, அதனால அட்வான்ஸ் திரும்பி வருமான்னும் கேட்டுக்குங்க.

2. துடுப்புப் படகா பாருங்க. மோட்டார் படகுல அதிர்வும் சத்தமும், நீங்க பேசறதே கேக்காது. ஆறு வடக்க ஓடுது, அதனால அஸ்ஸியில ஏறி வடக்கால போனா தண்ணியோட போகலாம். எதிர்த்து வரச் சொன்னா துடுப்பு போடறவர் தோள்பட்டை போயிடும்.

3. வடக்க போறப்ப படித்துறை எடது பக்கம் வரும். நீங்க எடது பக்கம் உக்காந்து கிழக்கப் பாருங்க, போட்டோகிராபர் வலது பக்கம் உக்காரட்டும். மூஞ்சியில வெயில், பின்னாடி காசி. வெயில் ஏறினா கண்ணு கூசும், அதனால விடியறதுக்கு முன்னாடியே படகுல இருங்க.

4. மொத அரைமணி நேரம், முக்கால் மணி நேரத்துல படத்த முடிச்சுட்டு, அவர தசாஸ்வமேதத்துல எறக்கி விட்டுடுங்க. மணிகர்ணிகா அதத் தாண்டித்தான் வருது. மிச்ச தூரம் கேமரா இல்லாம போங்க. எங்க அப்பா அம்மா ரெண்டு பேரும் வாயத் தொறந்து பேச ஆரம்பிச்சதே அவர் எறங்கினப்பறம்தான்.

5. லைஃப் ஜாக்கெட்டப் போட்டா பட்டுப் புடவை மறையுது, கழட்டுங்கன்னு சொன்னா கழட்டாதீங்க. படகு முனையில நின்னு போஸ் குடுக்கறதும் வேண்டாம். அறுபது வயசு முழங்காலுக்கு அது ஆகாது.

6. படம் யாருக்குச் சொந்தம்னு பேசிக்குங்க. 1957 காப்புரிமைச் சட்டம் 17ஆவது பிரிவுப்படி, வேற ஒப்பந்தம் இல்லாத பட்சத்துல, காசு குடுத்து எடுக்கச் சொன்ன படத்தோட காப்புரிமை எடுக்கச் சொன்னவருக்குத்தான். ஆனா பலர் புக்கிங் விதிமுறையில அத மாத்தி எழுதியிருப்பாங்க. படிச்சுட்டு கையெழுத்துப் போடுங்க. அம்மா படம் விளம்பரத்துல வரக் கூடாதுன்னா அதையும் எழுதி வாங்குங்க.

7. கடைசியா, இந்த மூணு வரிய மெசேஜ்ல அனுப்பிடுங்க: சிதை எரியற ரெண்டு எடத்துலயும் கேமரா கீழ. குளிக்கறவங்க பக்கம் கிட்ட போக வேண்டாம். யார் மூஞ்சியாவது தெளிவா தெரிஞ்சா அந்தப் படம் எனக்கு வேண்டாம்.

ஏழாவது பாயிண்ட அனுப்பினா போட்டோகிராபர் ஒண்ணும் சண்டைக்கு வர மாட்டார். நாலு கஸ்டமர் சேந்தாப்ல இப்படிச் சொன்னா அதுவே தொழில் வழக்கம் ஆயிடும். அஞ்சாவது கஸ்டமருக்கு அவரே சொல்லுவார், "அங்க எடுக்கறதில்ல சார்"னு. சட்டம் போட்டு இத மாத்த முடியும்னு எனக்கு நம்பிக்கை இல்ல, காசு குடுக்கறவன் வாய்ல இருந்து வந்தா மாறும். நாமதான் அந்தக் காசு குடுக்கறவன்.

டிஸ்கி: குளிர்காலத்துல போனா ஆத்துல வெள்ளை வெளேர்னு கடற்காக்கா கூட்டம் இருக்கும். ஓமப்பொடி மாதிரி சேவ் பாக்கெட் வாங்கி வீசினா எல்லாம் தலைக்கு மேல சுத்தும், படம் அட்டகாசமா வரும். எண்ணெயில பொரிச்சத அதுங்களுக்கு ஏன் போடணும்? சும்மா பறந்தாலே அழகாத்தான் இருக்கு. சேவ நீங்க சாப்புடுங்க :-)